நாயகி சிஸ்டரின் தாடியை யாரும் துடைக்க வேண்டாம்

நாயகி சிஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி எனக்குத் தனியாக வரவில்லை. ஒரு வேலையையும் கூட்டிக்கொண்டு வந்தது. காலை ஆறரை மணி. வாசல் தெளித்துவிட்டு உள்ளே வருகிறேன், போன் அடிக்கிறது. அவருடைய தம்பி பாலகுரு. "அக்கா போயிட்டாங்க கலாக்கா. லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாங்க, விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு" என்றார். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவரே தொடர்ந்தார். "ஜனம் சேர்றதுக்குள்ள வந்துடுங்க. வரும்போது உங்க நூலையும் எடுத்துட்டு வந்துடுங்க."

நூல் என்றால் என் பார்லர் நூல். பாபநாசம் கடைத்தெருவில் இருபத்திரண்டு வருடமாகப் பெண்களுக்கான பார்லர் வைத்திருக்கிறேன். புருவம் திருத்தவும் மேலுதட்டு முடி எடுக்கவும் நாங்கள் பயன்படுத்துவது சாதாரண நூல்தான். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுபக்கத்தை விரல்களில் முறுக்கி இழுத்தால் முடி வேரோடு வரும். அந்த நூலைத்தான் என் சிநேகிதியின் பிணத்துக்கு எடுத்து வரச் சொல்கிறார். "எதுக்குங்க?" என்றேன். தெரிந்தேதான் கேட்டேன். "பார்க்க வர்றவங்க முன்னாடி அந்த மொகத்தோட அப்படியே படுக்க வைக்க முடியுமாக்கா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

நூல் எடுக்காமல் போனேன். குறுவை அறுப்பு முடிந்து ரோட்டில் பாதிவரை நெல் காயப்போட்டிருந்தார்கள். பஸ் ஒதுங்கி ஒதுங்கிப் போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்திருந்தது. தம்பி மனைவி வீட்டில் கிடந்த ரேசரை எடுத்து வழித்துவிட்டிருந்தார். ஐஸ் பெட்டிக்குள் நாயகி சிஸ்டர் யாரோ மாதிரி படுத்திருந்தார். நெற்றியில் பொட்டு, தாடையின் இடது ஓரத்தில் மட்டும் ஒரு தீற்றல் சந்தனம். அங்கே எதற்குச் சந்தனம் என்று குனிந்து பார்த்தேன். ரேசர் கிழித்த கீறல். உயிரோடு இருந்திருந்தால் "பாத்து" என்றாவது சொல்லியிருப்பார். எனக்குக் கோபம் வந்தால் அழுகை வராது.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பெயர் தையல்நாயகி. தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் செவிலியர். வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. அவருக்குத் தாடி இருந்தது. பூனை முடி என்று மென்று முழுங்க வேண்டாம். தாடையிலும் கழுத்திலும் கருகருவென்று, ஓரத்தில் இரண்டு நரையோடு, தாடிதான். "ரோமம், தேவையில்லாத முடின்னு அதுக்கு ஆயிரம் பேர் வைக்காதீங்க கலா. தாடின்னே சொல்லுங்க. பேர் சொல்லவே பயந்தா அப்புறம் டாக்டர்கிட்ட என்னத்தச் சொல்லப் போறீங்க?" என்பார்.

பதினாறாம் நாள் படத்திறப்பு என்று முடிவானதும் பாலகுரு என் பார்லர் வாசலில் வந்து நின்றார். உரக்கடை வைத்திருப்பவர், மரியாதை தெரிந்தவர், யாரிடமும் சத்தமாகப் பேசமாட்டார். "நீங்க நல்லா எழுதுவீங்க. அக்காவைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதி வாசிங்க. அந்த விஷயம் மட்டும் வேண்டாம்" என்றார்.

"எந்த விஷயம்?"

"அதாங்க. யாழினிக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம். குடும்பத்துலயே இருக்குன்னு பேச்சு கிளம்பிடுச்சுன்னா யாரு வருவாங்கக்கா?"

யாழினி அவருடைய ஒரே மகள். கும்பகோணத்தில் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். கொரோனா போய் இத்தனை நாள் ஆகியும் மாஸ்க்கைக் கழற்றாமல் திரிகிற பெண். அவள் முகம் எனக்குத் தெரியும். பார்லர் மூடுகிற நேரமாகப் பார்த்துப் பின்வாசல் வழியாக வருவாள். தகப்பனுக்கு அது தெரியாதா, தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாரா என்று அந்த நிமிடத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. "எழுதறேன்" என்று மட்டும் சொன்னேன். தாடியை விட்டுவிட்டு நாயகி சிஸ்டரைப் பற்றி எழுதுவதாம். உப்பில்லாமல் ஊறுகாய் போடச் சொல்கிறார்.

நாங்கள் பழகியதே ஒரு சண்டையில்தான். பதினைந்து வருடம் இருக்கும். ஒரு மத்தியானம் தாடியோடு ஒரு அம்மா பார்லருக்குள் வந்தார். என் புத்தி எப்படி இருந்தது பாருங்கள், என்ன ஏது என்று கேட்கவில்லை, நாற்காலியைத் துடைத்துவிட்டு நூலை எடுத்துப் பல்லில் வைத்துக்கொண்டேன். அவர் உட்காரவில்லை. பின்னாலிருந்த ஒரு பெண்ணை முன்னால் இழுத்து நிறுத்தினார். எனக்கு நன்றாகத் தெரிந்த பெண். பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை வருவாள். தாடையெல்லாம் சீழ்க்கட்டி, ஆறிய இடமெல்லாம் குழி.

"ரெண்டு வருஷமா இந்த மொகத்தத் தொடுறீங்க. மாசாமாசம் சரியா வருதான்னு ஒரு தடவ கேட்டிருக்கீங்களா?" என்றார்.

"நான் பார்லர் வச்சிருக்கேன்ங்க. ஆஸ்பத்திரி வைக்கல" என்றேன். அதைச் சொல்வதற்கு நூலை வாயிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

"அதைத்தான் நானும் சொல்றேன். நூலை வாயில வச்சிருக்கிற வரைக்கும் நீங்க யாரையும் எதையும் கேக்கப் போறதில்ல."

அந்தப் பெண்ணுக்கு வருடத்தில் மூன்று முறைதான் மாதவிலக்கு வந்திருக்கிறது. சினைப்பையில் நீர்க்கட்டி. அதனால் ஹார்மோன் ஏறி இறங்கி, முகத்தில் முடியும் பருவும். உடம்பு உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்க, நான் வெளியே பிடுங்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் அவர் மேல்தான். என் கடைக்குள் வந்து, என் வாடிக்கையாளர்கள் எதிரில் என்னை இப்படிக் கேட்டுவிட்டாரே என்று இரண்டு நாள் புலம்பினேன். மூன்றாம் நாள் சண்டையைத் தொடரலாம் என்று தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கே போனேன்.

ஆறாம் எண் அறை. வாசலில் பெண்கள் வரிசை. முந்தானையால் வாயை மூடியவர்கள், துப்பட்டாவைக் கண் வரைக்கும் சுற்றியவர்கள். பேராவூரணியிலிருந்து, திருத்துறைப்பூண்டியிலிருந்து எல்லாம் முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். ஏன் இவ்வளவு தூரம் என்று ஒருத்தியைக் கேட்டேன். "அங்க ஒரு சிஸ்டர் இருக்காங்க, அவங்களுக்கும் இருக்குன்னு சொன்னாங்க" என்றாள். டாக்டரின் பெயர் அவளுக்குத் தெரியாது. அவர் என்ன படித்தவர் என்று தெரியாது. அந்த வரிசையில் இருந்த முக்கால்வாசிப் பேர் இன்னொரு பெண்ணின் தாடையைப் பார்க்க வந்தவர்கள்.

வரிசையின் கடைசியில் நின்று பார்த்தேன். ஒவ்வொருத்தியையும் எதிரில் உட்காரவைத்து, முதலில் தன் முகத்தைக் காட்டுவார். ஒன்றும் சொல்லமாட்டார். மெல்ல அவள் துணியை இறக்குவாள். அப்புறம் கேள்விகள். எத்தனை வயதில் ஆரம்பித்தது, மெதுவாக வந்ததா, திடீரென்று வந்ததா, மாசாமாசம் சரியா வருதா, அம்மாவுக்கு, அத்தைக்கு இருந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், முகத்தில் என்ன தடவுகிறாய். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் அனுப்புவார். வெளியே வந்ததும் டாக்டர் சொன்னதைத் திரும்ப ஒருமுறை நம் பாஷையில் சொல்வார்.

வழித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்று ஒரு தாய் தன் மகளுக்காகப் பயந்து அழுதார். நாயகி சிஸ்டர் அவரைக் கேட்டார். "உங்களுக்கு வயல் இருக்கா?"

"குத்தகைக்குப் பண்றோம்."

"அறுத்த வயல்ல செருப்பில்லாம நடந்திருக்கீங்களா? காலு குத்துமா?"

"குத்தும்."

"அறுக்கறதுக்கு முன்னாடி குத்துச்சா? அதே பயிருதான, அதே எண்ணிக்கைதான. முனையை வெட்டினதால மொட்டையா நின்னு குத்துது. ஒரு குத்து ரெண்டு குத்தா ஆயிடலையே. முடியும் அவ்வளவுதான். வழிச்சுக்கணும்னா தாராளமா வழிச்சுக்கட்டும். ஆனா எதுக்கு வருதுன்னு பாக்காம விடாதீங்க."

அந்தத் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன். சண்டை போட வந்தவள் சிஸ்டருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு முறையாவது சந்திப்போம். அவர் பார்லருக்கு வந்தால் சும்மா உட்கார்ந்திருப்பார். வருகிற பெண்கள் முதலில் அவரைப் பார்த்து மிரளுவார்கள், அப்புறம் அவர் பக்கத்தில் போய் உட்காருவார்கள். என் வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தேன். கூடத்தான் செய்தது. "நான் உங்களுக்கு விளம்பரம். போர்டுல போட்டுக்குங்க, இங்கே தாடிக்காரி ஒருத்தி உக்காந்திருப்பாள்னு" என்று கிண்டல் செய்வார்.

அவருக்கு வந்த கோபங்களை எழுதினால் இடம் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். திருத்துறைப்பூண்டி பக்கம் கட்டிக்கொடுத்த ஒரு பெண், கல்யாணமாகி ஒரு வருடம், முகமெல்லாம் மெல்லிய முடியும் சிவப்பும். என்ன தடவுகிறாய் என்று கேட்டதற்கு ஒரு டியூபை எடுத்துக் காட்டினாள். படர்தாமரைக்குக் கொடுக்கிற மருந்து. முகம் வெளுக்கும் என்று யாரோ சொல்ல, மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள். அதில் இருக்கிற ஸ்டீராய்டு தோலை மெலிய வைத்து முடியையும் கிளப்பும். நாயகி சிஸ்டர் அந்தக் கடைக்கே போய்விட்டார். கூட நானும் அந்தப் பெண்ணும் போனோம். "வெள்ளையாக்குதுன்னு வித்தீங்களே, இப்ப மொளைச்சதை யாரு வாங்கிக்குவா?" என்று கேட்டார். கடைக்காரர் தாடியைப் பார்த்துச் சிரித்தபடி, "நீங்களும் இதைத்தான் தடவுனீங்களா?" என்றார். நான் கல்லாப்பெட்டியைத் தள்ளிவிடப் போனேன். சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லீங்க. இது சொந்த விளைச்சல்" என்று அமைதியாகச் சொன்னார். பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சிரிச்சது வலிக்கல கலா. அந்தப் பொண்ணு எதிர்ல சிரிச்சான் பாருங்க, அவ இனிமே ஒரு கடையிலயும் வாயத் திறந்து கேக்க மாட்டா" என்றார்.

அவர் சொந்த விளைச்சலின் கதையை எனக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னார். பதினேழு வயதில் ஆரம்பித்தது. அவர் அம்மா மஞ்சளையும் குப்பைமேனியையும் அரைத்துப் பூசி, காய்ந்தபின் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்ததுதான் மிச்சம். மஞ்சள் பூசினால் முடி போகும் என்றால் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒருத்திக்கும் மீசை இருக்கக்கூடாது. பெண் பார்க்க ஐந்து பேர் வந்தார்கள். ஐந்தாவது முறை, அம்மா இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பவுடர் போட்டு உட்காரவைத்திருந்தார். மாப்பிள்ளையின் பெரியம்மா பூ வைத்துவிடுகிற சாக்கில் கிட்டே வந்து, புறங்கையால் தாடையை ஒரு தடவு தடவினார். பிறகு எழுந்து, "போய் லெட்டர் போடறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "அரிசி வாங்குறவன் கையில அள்ளித் தேச்சுப் பாப்பான்ல, அந்த மாதிரி" என்றார் சிஸ்டர். இன்றைக்கும் பெண் பார்க்கும் இடத்தில் பூ வைப்பதற்கு ஒரு பெரியம்மாவை ஏற்பாடு செய்து கூட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டிலும் மாப்பிள்ளையின் தாடையை ஒருவரும் தடவிப் பார்ப்பதில்லை.

வேலைக்கு வந்த பிறகுதான் அவருக்கு முறையான வைத்தியம் கிடைத்தது. மாத்திரை சாப்பிட்டார், ஓரளவு குறைந்தது. மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்தது, சர்க்கரை கட்டுக்குள் நின்றது. மிச்சம் இருந்த முடியை முப்பத்தைந்து வயதுக்கு மேல் பிடுங்குவதை நிறுத்திவிட்டார். இதை வைத்துச் சிலர் அவர் வைத்தியமே வேண்டாம் என்றார், இயற்கையாக விடச் சொன்னார் என்று பேசினார்கள். சுத்தப் பொய். மாத்திரை ஆறு மாதம் சாப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும், ஒரு மாதத்தில் தூக்கிப் போட்டுவிட்டு டாக்டரைத் திட்டாதே என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவர் அவர். குழந்தைக்கு முயற்சி செய்கிறவள் அதை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும், சில மாத்திரைகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று கையைப் பிடித்துச் சொன்னவர். லேசர் வைக்க ஆசைப்பட்டவர்களை, உள்ளே இருக்கிற காரணத்தையும் சேர்த்துப் பார், இல்லையென்றால் திரும்ப முளைக்கும் என்று எச்சரித்து, நல்ல இடத்துக்கு அனுப்பிவைத்தவர். "எடுக்கறதும் விடறதும் அவங்கவங்க இஷ்டம். எனக்கு இது போதும்னு தோணுச்சு, விட்டேன். ஒளிஞ்சுக்கறது மட்டும் வேண்டாம். ஒளிஞ்சுக்கிட்டா வியாதியும் கூடவே ஒளிஞ்சுக்கும்" என்பார்.

அது வெறும் பேச்சு இல்லை என்று எனக்குக் காட்டியவள் செல்லக்கிளி. நாகப்பட்டினம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் வேனில் வந்து, எங்கள் கடைத்தெருவில் கூடை இறக்கி விற்கிறவள். பார்லருக்குள் அவள் வந்ததே இல்லை. ஆனால் அவள் கூவுகிற சத்தத்தில்தான் நான் கடை திறப்பேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் அந்தச் சத்தம் மாறியிருந்தது. ஆம்பிளைத் தொண்டை மாதிரி கட்டிப்போய். சளி என்று நினைத்தேன். ஒரு மாதமாகியும் சரியாகவில்லை. முக்காட்டை விலக்கிப் பார்த்தால் கன்னம் முழுக்க முடி. நாலு மாதத்தில் வந்ததாம். குப்பத்தில் அவளுக்குச் சாமி இறங்கியிருக்கிறது என்று சொல்லி, புருஷன் கோடாங்கியிடம் கூட்டிப் போயிருக்கிறான். கோடாங்கி உடுக்கை அடித்து, வேப்பிலை அடித்து, நாற்பத்தொரு நாள் விரதம் சொல்லியிருக்கிறான்.

"மாசாமாசம் வருதா?" என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்வியை நானாக, நடுத்தெருவில், மீன் கூடைக்கு எதிரில் குந்திக்கொண்டு கேட்டேன். நின்று போய்விட்டது என்றாள். சிஸ்டருக்குப் போன் போட்டேன். "திடீர்னு வந்துச்சா, குரலும் மாறிடுச்சா? விரதமெல்லாம் அப்புறம். மீன் வித்துத் தீரட்டும்னுகூட காத்திருக்காதீங்க, இப்பவே கூட்டிட்டு வாங்க" என்றார். ஸ்கேனில் சினைப்பையில் ஒரு கட்டி. ஆப்பரேஷன் முடிகிறவரை நாயகி சிஸ்டர் தன் லீவு நாளில் வந்து அவள் பக்கத்தில் நின்றார். இன்றைக்குச் செல்லக்கிளியின் சத்தம் பழையபடி இல்லாவிட்டாலும், கடைத்தெருவுக்குக் கேட்கிற அளவுக்கு இருக்கிறது.

இப்படிப்பட்டவருக்கு ஊர் என்ன செய்தது என்று சொல்கிறேன். மூன்றாம் நாளே, மூன்று ரோடு சேருகிற முக்கூட்டில் பேனர் வந்துவிட்டது. கண்ணீர் அஞ்சலி என்று பெரிய எழுத்து, கீழே உறவினர் பெயர்ப் பட்டியல், நடுவில் ஒரு முகம். பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், யாரென்று தெரியவில்லை. திரும்பி வரும்போது பெயரைப் படித்த பிறகுதான் புரிந்தது. வெள்ளைவெளேரென்று, பீங்கான் தட்டு மாதிரி வழவழவென்ற தாடை. ஸ்டுடியோவுக்குப் போய்க் கேட்டேன். "பாலகுரு அண்ணன்தான் தாடியத் தொடச்சிடச் சொன்னாருங்க. கலரையும் கொஞ்சம் ஏத்தினேன், அது நானா பண்ணது" என்றான் ஸ்டுடியோக்காரன், பாராட்டை எதிர்பார்க்கிற மாதிரி. அதே படத்தைத்தான் சட்டம் போட்டு, படத்திறப்புக்கு வைக்கப் போகிறார்கள் என்றும் சொன்னான். உயிரோடு இருந்தபோது நாலு பேர் சிரித்தார்கள். செத்த பிறகு நல்ல மனிதர்கள் சேர்ந்துகொண்டு அழித்தார்கள். இதில் எது கேவலம் என்று எனக்குச் சொல்லுங்கள்.

பதினாறாம் நாள். வீட்டு வாசலில் பந்தல். ஊர்ப் பெரியவர்கள், உரக்கடைக்காரர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து சிலர். ஓரமாக ஆறாம் எண் அறைப் பெண்கள் ஒரு பதினைந்து பேர், கையில் உதிரிப் பூவோடு. யாரும் அவர்களை அழைக்கவில்லை, செய்தி கேட்டு வந்தவர்கள். படத்தை மூடியிருந்த துணியை ஒரு பெரியவர் விலக்கினார். வழவழ முகம் சிரித்தது. மாலை போட்டார்கள். அடுத்து பெண்கள் பூப்போட வரிசையில் வந்தார்கள். முதலில் செல்லக்கிளி. படத்துக்கு எதிரில் வந்ததும் நின்றுவிட்டாள்.

"இது யாருங்க?" என்றாள்.

"நாயகி அக்காதாம்மா. பூவைப் போடு" என்றார் பாலகுரு.

"சிஸ்டர எனக்குத் தெரியாதுங்களா? ஆப்பரேசனப்ப என் கையைப் புடிச்சிட்டு நின்னவங்க. இது அவங்க இல்ல. அவங்க தங்கச்சிங்களா?"

செல்லக்கிளி பூவை முந்தானையில் மறைத்துக்கொண்டு, பின்னால் வந்தவர்களைக் கையால் தடுத்தாள். "யாரும் போட்டுடாதீங்க. உசுரோட இருக்கறவங்க படத்துக்குப் பூப்போட்டா ஆவாது. பாத்து வைக்கச் சொல்லுங்க, படம் மாறிப் போச்சு."

அவள் குத்திக்காட்டிப் பேசவில்லை. உண்மையாகவே பதறினாள். முகம் தெரியாத ஒரு தங்கையின் உயிருக்காகப் பதறினாள். பதினைந்து பெண்களும் பூவோடு அப்படியே நின்றார்கள். மாலை போட்டிருந்த பெரியவர் தன் மாலையைப் பார்த்தார். பாலகுரு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். இதைவிட நான் என்ன வாசித்துவிடப் போகிறேன்?

யாழினி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அத்தையின் ஆஸ்பத்திரி அடையாள அட்டை இருந்தது. நீலப் பட்டையோடு அதைப் படத்தின் மேல் மாட்டினாள். அட்டை, படத்திலிருந்த தாடைக்கு நேராக வந்து தொங்கியது. விரல் நீளத்துக்கு ஒரு சின்னப் படம், அதில் நாயகி சிஸ்டர், தாடியோடு. செல்லக்கிளி குனிந்து பார்த்து, "இவங்கதான்" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். பிறகு பூ விழுந்தது. அட்டையை எடுக்கச் சொல்லி யாழினியின் அம்மா கண்ணால் காட்டியதைப் பார்த்தேன். யாழினி பார்க்காத மாதிரி நின்றாள்.

மறுநாள் அவள் பார்லருக்கு வந்தாள். முன்வாசல் வழியாக. மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழக்கதோஷம், நூலைப் பல்லில் கடித்தேன். கண்ணாடியில் அவள் தாடையையும் என் வாயையும் சேர்த்துப் பார்த்தேன். நூலை எடுத்துவிட்டுக் கேட்டேன். "மாசாமாசம் சரியா வருதாம்மா?"

மடியிலிருந்த மாஸ்க்கை நாலாக மடித்தாள். பிறகு சொன்னாள். "அஞ்சு மாசமா வரல ஆன்ட்டி."

"அத்தைகிட்டச் சொல்லலையா?"

"கேட்டாங்க. ஒவ்வொரு தடவ ஊருக்கு வரும்போதும் கேட்டாங்க. சரியா வருதுன்னு சொல்லிட்டேன். அம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க. சொன்னா அத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க, ஊருக்குத் தெரிஞ்சுடும்னு."

ஒரு ஜில்லாவே பஸ் ஏறி வந்து யாரிடம் உண்மையைச் சொன்னதோ, அவரிடம் அவர் வீட்டில் மட்டும் பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். கேள்வியைக் கேட்டுக் கேட்டு, சரியா வருது என்ற பதிலை நம்பி, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். பாலகுரு, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். செத்தவருடைய தாடையை நீங்கள் துடைத்துக்கொண்டிருந்த நாளில், உயிரோடு இருக்கிற உங்கள் மகள் அஞ்சு மாசத்தை மாஸ்க்குக்குள் வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் நின்றிருந்தாள். வரன் நல்லபடி அமையட்டும். அதற்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்க்கட்டும், ஸ்கேன் எடுக்கட்டும். பயப்பட வேண்டியதாக இருக்காது. பெரும்பாலும் மாத்திரையில் கட்டுக்குள் வருகிற விஷயம்தான். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவளை ஆறாம் எண் அறைக்குக் கூட்டிப் போகிறேன். இதை யாழினியிடம் கேட்டு, அவள் எழுதச் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். அவள் பெயரையும் சேர்த்து. நீங்கள் கூட வருவதென்றால் உங்களுக்கும் சேர்த்து இடம் போட்டு வைக்கிறேன். வருவதற்கு முன் முக்கூட்டில் இருக்கிற அந்தப் பேனரை இறக்கிவிடுங்கள்.

நாயகி சிஸ்டரிடமிருந்து நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அடையாள அட்டை யாழினியிடம் இருக்கிறது, இருக்க வேண்டியதும் அங்கேதான். எனக்கென்று மிச்சமிருப்பது, அவர் முதல்நாள் என் கடையில் நின்று கேட்கச் சொன்ன அந்த ஒரு கேள்வி. இனி என் நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும், நூல் வாய்க்குப் போவதற்கு முன் கேள்வி வெளியே வரும்.